இன்னொரு பாஸ்வேர்டு

வடக்குப்பட்டு,
ஞாயிறு மத்தியானம்.

அன்புள்ள அத்தானுக்கு, சுகப்பிரியா எழுதுவது.

நானும் பாப்பாவும் இருக்கிறோம். நீங்கள் எப்படி என்று கேட்க மாட்டேன். ஜெயிலில் பார்க்க வந்தபோது கம்பிக்கு அந்தப் பக்கம் உட்கார முடியாமல் நின்றீர்களே, அதுவே போதும். தபாலில் போட்டால் பிரித்துப் படிப்பார்கள் என்று வக்கீல் தணிகாசலம் கையில் கொடுத்தனுப்புகிறேன். படித்ததும் அவரிடமே கொடுத்துவிடுங்கள்.

வீட்டுக்கார ஞானம்மா அக்கா இந்த மாதத்தோடு காலி பண்ணச் சொல்லிவிட்டார். போலீஸ் ஜீப் வந்த வீடு என்று தெருவில் பேச்சாம். சொல்லும்போது அவரும் அழுதார்.

உங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். ஸ்டேஷனில் உங்களை விசாரித்த அன்று பக்கத்து அறையில் என்னை உட்கார வைத்திருந்தார்கள். நீங்கள் பாஸ்வேர்டு சொன்னதும் லேப்டாப் திறந்தது. உள்ளே நம் கல்யாணப் போட்டோவும் பாப்பா ஆடிய வீடியோவும்தான். கம்பெனியின் டிசைன் டிராயிங்கைத் திருடியதாகத்தான் புகார். ஆனால் அவர்கள் தேடியது உங்களோடு வேலை பார்த்த அன்னக்கிளியின் கை பிரஸ் மெஷினில் சிக்கிப் போனபோது நீங்கள் எடுத்ததாகக் கம்பெனியில் எல்லோரும் சொல்லும் வீடியோவை. அது இல்லை.

கம்பெனி கூட்டிவந்த கம்ப்யூட்டர்காரர் டீ குடித்துக்கொண்டே விளக்கினார். இந்தப் பூட்டுக்குள் இன்னொரு பூட்டு வைக்கலாமாம், அதற்கு வேறு பாஸ்வேர்டாம். அது இருக்கிறதா இல்லையா என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாதாம். அப்படி மறைக்கவென்றே செய்த பூட்டாம்.

அதற்குப் பிறகு நீங்கள் இல்லை, இல்லை என்று கத்தியதெல்லாம் எனக்குக் கேட்டது. இன்ஸ்பெக்டர் ஒன்றையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்: "இல்லன்னா, இல்லன்னு காட்டுடா."

பிறகு என்னிடம் வந்து கேட்டார். தெரியாது என்றேன். தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேன் அத்தான். உங்கள் சத்தம் அப்படி இருந்தது.

நேற்று அன்னக்கிளி வந்தாள். சுடிதார் கையை மடித்து ஊக்கு குத்தியிருந்தாள். கை உள்ளே போனால் மெஷினை நிறுத்தும் சென்சாரை அவளே அணைத்துவிட்டுக் கையை விட்டாள் என்று கம்பெனி எழுதிவிட்டதாம். வீடியோ இருந்தால்தான் அது பொய்யென்று காட்ட முடியும். தண்ணீர்கூடக் குடிக்காமல் ஒன்றுதான் கேட்டாள்: "அண்ணன் அத கம்பெனிக்கே வித்துட்டாவளா மதினி?" இல்லை என்றேன். அவளும் நம்பவில்லை.

கம்பெனியிலிருந்து போன் வந்தது. இரண்டாவது பாஸ்வேர்டைச் சொன்னால் புகாரைத் திரும்பப் பெறுவார்களாம். சொல்லாததற்கு வழக்கில் இன்னொரு சட்டப் பிரிவும் சேர்த்திருப்பதாக வக்கீல் சொன்னார். சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தி, உண்மையிலேயே இருக்கிறதா என்று அவரும் என்னிடம் கேட்டார்.

இல்லையென்றால் உங்களை எப்போது விடுவார்கள்? கொடுக்க ஒன்றும் இல்லாதவரிடம் கேட்பதை எதற்காக நிறுத்துவார்கள்? அதனால் இருக்க வேண்டும் என்று சில நேரம் வேண்டிக்கொள்கிறேன். உடனே அன்னக்கிளியின் முகம் வந்து நிற்கிறது.

செவ்வாய்க்கிழமை உங்களை மறுபடி போலீஸ் காவலில் எடுக்கிறார்கள். என்னையும் வரச் சொல்லியிருக்கிறார்கள், பாப்பாவோடு.

முப்பிடாதி அம்மன் உங்களைத் தாங்கட்டும். இன்னொன்று இருந்தால் என்னிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். கண்ணால்கூடக் காட்டிவிடாதீர்கள்.

உங்கள்
சுகப்பிரியா