பேச்சியம்மாள் இடத்தில் பீர்க்கங்காய்

15-10-55, சனி

விடியலில் தூறல். மலை முழுக்க மூட்டம். குடைக்கு இரண்டு கம்பி மாற்ற வேண்டும். பல்பொடி தீர்ந்தது.

சந்தையில் கத்தரிக்காய் விற்கும் சிலமலைப் பேச்சியம்மாள் இரண்டு ஞாயிறாக வரவில்லை. மேலே ஏலத்தோட்டத்தில் மகளுக்குப் பிரசவமாம். அவளுக்குப் பக்கத்தில் மலைவாழை விற்கும் மாயாண்டியை பஸ் நிற்கும் இடத்தில் பார்த்தேன்.

“நாளைக்கும் அந்த இடம் சும்மா கெடந்தா மூணு வாரமாச்சு, என் மருமகன் உக்காந்துருவான். சந்தை வழக்கம் அய்யா, நானா வச்சேன்?”

நிழலுள்ள இடம். அதை விட்டால் அவளுக்குச் சாக்கடை ஓரம்தான். அங்கே யார் வந்து வாங்குவார்கள்? தனி ஆள், அந்தக் கத்தரிக்காயை வைத்துத்தான் பிழைப்பு.

“அவளுக்காக வேற ஒருத்தர் உக்காந்தா?”

“உக்காரலாம். சரக்கு வேணும். உச்சி வெயிலுக்குள்ள போணி ஆகணும். அதுவும் பேரம் பேசி. சொன்ன விலையைக் குடுத்துட்டுப் போனா அது தர்மம், போணி இல்ல.”

நானே உட்காருகிறேன் என்றேன். சிரித்தான்.

வீட்டுப் பந்தலில் பீர்க்கங்காய் நிறைய. பார்வதி: “நாற்காலியிலயே காலத்தை ஓட்டுனவுக, சாக்குல உக்கார முழங்கால் மடங்குமா?” மடக்கிப் பார்த்தேன். மடங்குகிறது. நிமிர்வதுதான் சிரமம்.

16-10-55, ஞாயிறு

நல்ல வெயில். மலைமேல் தோட்டத்துப் பாதை வரை தெளிவு. ராசிங்காபுரத்து வண்டிகள் எனக்கு முன்பே வந்துவிட்டன. ஈரச் சாக்கு, இஞ்சி, சுக்குக்காப்பி வாசனை. தரையில் உட்கார்ந்தால் சந்தை வேறு மாதிரி. முகங்களே இல்லை, கால்கள்தான். நகம் வெட்டாதவர்கள் அதிகம்.

வியாபாரம் சுத்தமாக இல்லை. காரணம், ஊரில் பாதிப் பேர் என்னிடம் படித்தவர்கள். கும்பிடுகிறார்கள், செருப்பைக் கழற்றுகிறார்கள், விலை கேட்கச் சொன்னால் ஓடுகிறார்கள். வகுப்பில் கேள்வி கேட்டதும் எல்லோரும் சிலேட்டைப் பார்த்துக் குனிவார்களே, அதே காட்சி.

மரக்கடை வைத்திருக்கும் சுப்பையா (கணக்கில் மந்தம், மனசு தங்கம்) கண் கலங்கிப் போனான். “பென்ஷன் நின்னு போச்சா சார்? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

விளக்கிச் சொன்னேன். நம்பவில்லை. முழுக் கூடைக்கும் பணத்தை நீட்டினான்.

“தர்மம்,” என்றான் மாயாண்டி, வாழைத்தாரைத் திருப்பி வைத்துக்கொண்டே.

“சுப்பையா, கொஞ்சம் குறைச்சுக் கேளு,” என்று கெஞ்சினேன்.

“உங்ககிட்டயா சார்? நாக்கு வராது.”

வெயில் ஏறியது. மருமகன் சாக்கைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்தபடி நின்றான். பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியம் வைத்துக் கொடுத்துவிட்டு வருகிறவள், வந்து எங்கே உட்காருவாள்?

அப்போது சாக்குக்கு எதிரே தெரிந்த பாதங்கள். தெரிந்த மெட்டி.

“பெரியவரே, பீர்க்கங்கா என்ன விலை?”

பார்வதி. முகத்தில் சிரிப்பே இல்லை.

“ஜோடி ஒரு அணா.”

“இந்த முத்தலுக்கா? நாரெல்லாம் பல்லுல மாட்டும். ஒரு அணாவுக்கு நாலு குடும்.”

காலையில் அவளே பறித்த பிஞ்சு. கோபமே வந்துவிட்டது. “முத்தலா? நகத்தால கிள்ளிப் பாரும்மா!”

“எத்தனை பேரு கிள்ளினதோ. வேண்டாம், வர்றேன்.”

போயே போய்விட்டாள். பத்தடி தள்ளி நின்றாள். கூப்பிட்டேன். அணாவுக்கு மூன்று என்று முடிந்தது. சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள்.

மாயாண்டி தலையைச் சொறிந்தான். “பொஞ்சாதி வாங்குனா கணக்கா?”

“பேரம் நடந்துச்சா இல்லையாண்ணே?” என்றாள் பக்கத்துக் கருவேப்பிலைக்காரி.

“நடந்துச்சு ஆத்தா. என் வீட்டுக்காரிகூட இம்புட்டுக் கறார் இல்ல.” மருமகனைப் பார்த்தான். “போடா மாப்ளே, சோலியப் பாரு.”

இரவு பீர்க்கங்காய்க் கூட்டு. முழங்காலுக்கு விளக்கெண்ணெய்.

17-10-55, திங்கள்

சுப்பையா வீட்டிலிருந்து ஒரு மூட்டை அரிசி வந்தது. திருப்பி அனுப்பினேன். மறுபடியும் வந்தது.

23-10-55, ஞாயிறு

சாரல். பேச்சியம்மாள் வந்துவிட்டாள். பேரனாம். கத்தரிக்காயைக் குவித்து வைத்து, ஒருவருக்கும் விற்காமல் உட்கார்ந்திருந்தாள்.

“மொதப் போணி உங்க கையாலதான் அய்யா. வெரசாக் கேளுங்க, எல்லாரும் நிக்கிறாக.”

சொன்ன விலையைக் கொடுக்கப் போனேன். மாயாண்டி தொண்டையைக் கனைத்தான். பார்வதி முழங்கையால் இடித்தாள்.

காம்பில் பனி காயாத, விரல் நீளப் பிஞ்சு. ஒன்றை எடுத்துப் புரட்டினேன்.

“என்ன பேச்சி,” என்றேன், “முத்தலா இருக்கே.”