நாடா இறுக்கிய இடம்

அக்கா,

இன்றைக்கு வீட்டில் எனக்குக் கொடுத்த வேலை, துவைத்ததில் உருவிக்கொண்ட பாவாடை நாடாவை ஊக்கில் மாட்டிக் கோப்பது. ரிடையர் ஆனவனுக்கு வேறென்ன பிரமோஷன் கிடைக்கும்? பாதி வழியில் ஊக்கு கழன்றுகொண்டது. அதைத் துழாவும்போது உன் நினைவு வந்து கை நின்றுவிட்டது.

எண்பதுகளில் தாம்பரத்திலிருந்து பீச் வரைக்கும் தினமும் எலக்ட்ரிக் டிரெயினில் ஆபீஸ் போனாய். "லேடீஸ் பெட்டியில நான் ஏறினா புடவையும் கூடவே ஏறணும்ல, அதான் பாவாடை நாடாவை இறுக்கிக் கட்டறேன்" என்பாய். இடுப்பைச் சுற்றிக் கறுத்து, செதில் உதிர்ந்து, ஓரிடம் புண்ணாகியும் யாரிடமும் காட்டவில்லை. என்னிடம் மட்டும், "டேய், படைக்கு ஏதாவது மருந்து வாங்கிட்டு வாயேன்" என்றாய். பத்தாவது பாஸான டாக்டர் நான். பார்க்காமலேயே வைத்தியம்! சேலையூர் மெடிக்கல் ஷாப்பில் டியூப் டியூபாக வாங்கிவந்தேன். ஆறவில்லை என்றதும், "ரெண்டு வேளை போடு" என்று அளவைக் கூட்டினேன்.

ஒன்றரை வருஷம் கழித்துத்தான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். "இது படை இல்லம்மா, தோல்ல புற்று. நாடா உரசி உரசியே வந்திருக்கு. முன்னாடியே வந்திருக்கலாமே" என்றார் அந்த லேடி டாக்டர். என் சட்டைப் பையில் அப்போதும் ஒரு டியூப் இருந்தது.

ஆபரேஷன் ஆகியும் தொடையிடுக்கில் நெறி கட்டி, நீ படுத்தபடுக்கையானாய். உன்னைப் பற்றி நீ ஒன்றும் கேட்கவில்லை. உன் பெண் விஜி டியூஷன் போன நேரம் பார்த்துக் கேட்டாய்:

"இது எம் பொண்ணுக்கும் வருமாடா?"

"வராது."

"உனக்கெப்படித் தெரியும்?"

"டாக்டரைக் கேட்டேன்."

கேட்கவில்லை அக்கா. அவர் அறை வாசல் வரைக்கும் போனேன். வேறு பதில் வந்துவிடுமோ என்று திரும்பிவிட்டேன். நீ நம்பினாய். அன்றைக்கு ஒரு டம்ளர் கஞ்சி முழுசாகக் குடித்தாய்.

நீ போன பிறகு விஜி எங்கே சொறிந்தாலும் கொசுக்கடியா, படையா என்று கேட்டுத் துளைப்பேன். அவள் கல்யாணத்தில் புடவை கட்டிவிட வந்தவளிடம், "தளர்வா கட்டும்மா" என்று கதவுக்கு வெளியே நின்று கத்தி, திட்டு வாங்கினேன்.

போன மாதம்தான் துணிந்து என் மகள் கவிதாவிடம் கேட்டேன். காலேஜில் உயிரியல் நடத்துகிறாள்.

"மரபணுவுல எழுத்து கெட்டுப்போயும் புற்று வரும்ப்பா. எழுத்து அப்படியே இருந்து, அது மேல ஒட்டற அடையாளம் மாறியும் வரும். வருஷக்கணக்கா புண்ணா கிடந்த தோல்ல அது தப்பா ஒட்டி, வளர்ச்சியை நிறுத்தற மரபணுவையே மூடிடும்."

ரயில்வே பார்சல் ஆபீஸில் சீட்டு ஒட்டியே காலம் தள்ளியவனுக்கு இது புரியாதா? மூட்டைக்குள் சரக்கு சரியாகத்தான் இருக்கும். மேலே சீட்டு மாறினால் மதுரைக்குப் போகவேண்டியது விழுப்புரத்தில் கிடந்து அழுகும். நானே அழுகவிட்டிருக்கிறேன்.

"அத்தைக்கு மாறினது விஜிக்குப் போகுமா?"

"அது அந்த இடத்துத் தோலோட போச்சுப்பா. பிள்ளைக்குப் போகாது. இதைக் கேக்கவா இத்தனை வருஷம்?"

மறுநாளே ஊரப்பாக்கத்தில் விஜி வீட்டுக்கு ஓடினேன். மூச்சு வாங்க எல்லாம் சொன்னேன். அவள் சிரித்தாள். "அம்மா அப்பவே சொல்லிட்டாங்களே மாமா, 'உனக்கு வராது, மாமா டாக்டர்கிட்டயே கேட்டுட்டான்'னு. நான் பயப்படவே இல்லையே."

இத்தனை வருஷமும் பயந்தது நான் ஒருவன்தான் அக்கா. அந்தப் பயத்தை அங்கேயே இறக்கிவைத்தேன். டாக்டர் அறை வாசலிலிருந்து திரும்பி வந்ததை மட்டும் விஜியிடம் இன்னும் சொல்லவில்லை.