நகர்த்தி வைத்த சைக்கிள்

அன்புள்ள யோரிஸ்,

இங்கே குரோனிங்கனில் மூன்று நாளாக எதிர்காற்று. மற்றபடி சௌக்கியம்.

பிப்ரவரியில் இரண்டு வார வேலை என்று மாஸ்ட்ரிக்டுக்கு ரயிலேறினாயே, அன்று ஸ்டேஷனில் நீ நிறுத்திவிட்டுப் போன சைக்கிளில் ஏப்ரலில் நகராட்சி மஞ்சள் அட்டை கட்டியது. நான்கு வாரத்துக்குள் யாரும் எடுக்காவிட்டால் கேட்பாரற்றது என்று அள்ளிப் போய்விடுவார்கள். நீ வந்து இறங்கும்போது வேண்டுமே என்று, அட்டையைக் கழற்றிவிட்டு, பூட்டைத் திறந்து வேறு வரிசையில் நிறுத்தினேன். அடுத்த அட்டைக்கும் அப்படியே. அதற்கடுத்ததற்கும்.

போன மாதம் நிறுத்துமிடக் காவலர் ஹார்ம் பார்த்துவிட்டார்.

“என்னம்மா, நாய்க்குட்டி மாதிரி இதை மாசாமாசம் வாக்கிங் கூட்டிட்டுப் போறீங்க? ஓட்டுறவரு வருவாரா மாட்டாரா?”

“வேலையா போயிருக்காரு.”

“ஆறு மாசமாவா? அப்படி என்ன வேலை?”

காற்று பலமாக இருந்தது. சைக்கிளை அடுத்த வரிசைக்குத் தள்ளிக்கொண்டு போனேன்.

சென்ற வாரம் என் சைக்கிள் திருடு போனது. புதிது வாங்கக் கடை வரை போய்விட்டு, திரும்பும் வழியில் உன்னுடையதை வீட்டுக்குத் தள்ளி வந்தேன். எனக்குக் கால் எட்டவில்லை. சீட் துருவேறி இறுகிக் கிடந்தது. எண்ணெய் விட்டு, ஒரு மணி நேரம் மல்லுக்கட்டி, என் உயரத்துக்கு இறக்கினேன். இப்போது வேலைக்கு அதில்தான் போகிறேன். நன்றாகவே ஓடுகிறது.

வருவதாக இருந்தால் முன்கூட்டியே எழுது. ஸ்டேஷனிலிருந்து நீ நடந்துதான் வர வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
மாற்றுச் சாவி வைத்திருந்தவள்