முதல் பக்கத்திலேயே செத்துப்போகும் அம்மாக்கள்

மார்ச் 4

அக்காவை மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்த்தாச்சு. மாமா அங்கேயே தங்குகிறார். மகளைப் பையோடு என் வீட்டில் விட்டுவிட்டு, "பாத்துக்கோம்மா" என்றார். தண்ணி கூடக் குடிக்கவில்லை.

பத்து வயசு. வாயாடி என்று பேர் வைத்ததே நான்தான். இப்போது கேட்டால் பதில் வருகிறது, அவ்வளவுதான். சாயங்காலம் கடையிலிருந்து ஒரு புத்தகம் கொண்டுவந்தேன். புத்தகக் கடையில் சிறுவர் பகுதியைப் பார்த்துக்கொள்பவள் வேறென்னத்தைக் கொண்டுவருவாள்? எந்தப் பிள்ளை வந்தாலும் முகத்தைப் பார்த்தே சரியான புத்தகத்தை எடுத்துக் கொடுத்துவிடுவேன் என்று எனக்கொரு திமிர் உண்டு.

மார்ச் 6

தலைமை ஆசிரியரின் டோப்பா பறந்துபோய் ஆட்டுக் கொம்பில் மாட்டிக்கொள்ளும் கதை அது. கடையில் நின்றபடியே படித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். இவள் கடைசிப் பக்கம் வரை படித்தாள். மூடினாள். "நல்லாருக்கு சித்தி" என்றாள், வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரி.

எனக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. யார் மேல் கோபம்? அந்த ஆட்டின் மேலா?

மார்ச் 8

சிரிப்பு எடுபடாவிட்டால் சாகசம். மூன்று எடுத்து வந்தேன். கலங்கரை விளக்கத்தில் ஒளிந்துகொள்ளும் இரட்டையர், பலூனில் கிளம்பும் பெண், சர்க்கஸ் வண்டியில் ஊர் ஊராகப் போகும் மூன்று பிள்ளைகள். வாங்கியதும் படிக்க உட்கார்ந்தாள். சாப்பிடக் கூப்பிட்டேன், காதிலேயே விழவில்லை. அப்பாடா!

மார்ச் 11

அப்பாடாவாம், அப்பாடா. என் தலை.

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். பின்னால் வந்து நின்றாள்.

"சித்தி, இவங்க எல்லாருக்குமே அம்மா செத்துட்டாங்களா?"

"எவங்களுக்கு?"

"நீ குடுத்த மூணு புக்லயும். ரெட்டைப் பிள்ளைங்களுக்கு முதல் பக்கத்துலயே கப்பல் முழுகிடுது. சர்க்கஸ்ல காய்ச்சல். பலூன்ல எப்படின்னு கூடப் போடல. தாயில்லாப் பொண்ணுன்னு மட்டும் இருக்கு."

கழுவின தட்டையே மறுபடி கழுவினேன்.

எத்தனை வருஷமாக இந்தக் கதைகளை விற்கிறேன்! வீட்டில் அம்மா இருந்தால் "இருட்டிடுச்சு, உள்ள வா" என்பாள், கதை ரெண்டாம் பக்கத்தில் முடிந்துவிடும். அதனால் எழுதுகிறவர்கள் அம்மாவை முதலிலேயே மேலே அனுப்பிவிடுவார்கள். புத்தகம் விற்கிற எங்களுக்குள் இது ஒரு ஜோக். பதிப்பகத்துக்காரர் புதுப் புத்தகம் கொண்டுவந்தால், "இதுல எத்தனாவது பக்கத்துல சார்?" என்று கேட்டுச் சிரிப்பேன். அதையே தூக்கி, ஆஸ்பத்திரியில் அம்மா கிடக்கிற பிள்ளை கையில் கொடுத்திருக்கிறேன். எனக்கு கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?

மார்ச் 12

சாகச அலமாரியை மொத்தமாக இறக்கினேன். முதலாளி எட்டிப் பார்த்தார். "என்னம்மா, கரையானா?"

"இல்ல சார், அம்மா உயிரோட இருக்கற கதை ஒண்ணு தேடறேன்."

அவருக்கு விஷயம் தெரியும். ஏணியை என் பக்கம் தள்ளிவிட்டுப் போனார்.

செத்த அம்மா, வெளிநாட்டுக்குப் போன அம்மா, ஓடிப்போன அம்மா. ஒரே ஒரு புத்தகத்தில் அம்மா படுத்த படுக்கையாக இருந்து, பிள்ளைகள் மூலிகை கொண்டுவந்ததும் எழுந்து உட்காருகிறாள். இருப்பதிலேயே பெரிய கொடுமை இதுதான். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அந்த மூன்றையும் எடுத்து பீரோ மேல் போட்டுவிட்டேன். வாயாடி பார்த்துக்கொண்டே இருந்தாள், ஏன் என்று கேட்கவில்லை.

மார்ச் 15

மாமா போன். டாக்டர் பேசும்போது நானும் கூட இருக்க வேண்டுமாம்.

மார்ச் 16

இனி மருந்தெல்லாம் வலிக்கு மட்டும்தான்.

டாக்டர் மெதுவாகத்தான் சொன்னார். மாமா சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வந்ததும், "பொண்ணுகிட்ட நீயே சொல்லிடேன். உனக்குத்தான் பிள்ளைங்ககிட்ட பேசத் தெரியும்" என்றார். எனக்கா? எனக்கு புக்கு எடுத்துக் குடுக்கத்தான் தெரியும். அதுவும் எந்த லட்சணத்துல தெரியும்னு பார்த்தாச்சு. என்ன செய்வேன்? யார்கிட்ட போய்க் கேப்பேன்?

மார்ச் 18

அக்கா பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கப்பல், காய்ச்சல், பலூன் எல்லாம். நோயாளியிடம் போய் அழுகிற ஜென்மம் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அவள் சிரித்தாள், சிரித்து இருமினாள்.

"அடி லூசு. அதுக்காக எல்லாத்தையும் பிடுங்கி வச்சிட்டியா?"

"பின்ன?"

"திருப்பிக் குடு. அம்மா இல்லாத பிள்ளைங்க என்ன பண்ணுதுங்கன்னு அவ பாக்கணும்ல?"

அவள் போர்வை நுனியை இழுத்துச் சரிசெய்தேன்.

"கடைசில நல்லா இருக்காங்கல்ல, அந்தப் பிள்ளைங்க?"

"இருக்காங்க."

"அப்ப குடு. நாளைக்கு அவளைக் கூட்டிட்டு வா. சொல்றத நானே சொல்லிக்கறேன்."

வேண்டாம் என்று கத்த நினைத்தேன். கத்தி என்ன ஆகப்போகிறது? தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

மார்ச் 19

அக்காவும் மகளும் உள்ளே. நானும் மாமாவும் வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில். என்ன பேசினார்களோ தெரியாது. வெளியே வந்தவளை நான் அணைக்கப் போனேன். விலகி முன்னால் நடந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் பீரோ மேலிருந்து புத்தகங்களை இறக்கிக் கொடுத்தேன். இரட்டையர் கதையை எடுத்து, முதல் பக்கத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தாள்.

ஏப்ரல் 2

அக்கா போய்விட்டாள்.

ஏப்ரல் 20

வாயாடி குழாயைத் திறந்துவிட்டுக் குளியலறையில் அழுகிறாள். நான் கதவுக்கு வெளியே நிற்கிறேன். தட்டலாமா? தட்டி என்ன சொல்வது? தண்ணீர் நின்றதும் ஓடிப்போய் அடுப்படியில் வேலை இருப்பது போல நிற்கிறேன். தினமும் இதே கூத்துதான்.

மே 10

மாமா வேலைக்குத் திரும்பிவிட்டார். அதனால் சனிக்கிழமைகளில் வாயாடி என்னோடு கடைக்கு வருகிறாள், மூலையில் உட்கார்ந்து படிப்பாள்.

இன்று ஒரு அம்மா மகனோடு வந்தார். "நல்ல சாகசக் கதையா ஒண்ணு குடுங்க."

அலமாரி முன்னால் நின்றேன். முன்பெல்லாம் கை தானாகப் போகும், இப்போது எதைத் தொடவும் பயமாக இருக்கிறது. அவள் எழுந்து வந்தாள். இரட்டையர் கதையை உருவி அந்தப் பையனிடம் நீட்டினாள்.

"இதுல முதல் பக்கத்துலயே அம்மா செத்துடுவாங்க."

அந்த அம்மாவின் முகம் மாறியது. நான் வாயைத் திறப்பதற்குள் அவளே சொன்னாள்.

"அதுக்கப்புறமும் நெறையப் பக்கம் இருக்கு."