முதல் வாய் சீசருக்கு

1936 ஜனவரி 6

இன்றும் அதே கூத்து. நாய் சீசர் முதலில் தின்றது. என் வீட்டுக்காரர் எதிரே உட்கார்ந்து அது சாகிறதா என்று பார்த்தார். சாகவில்லை. அப்புறம்தான் சோற்றில் கை வைத்தார். கடைசியில் நான்.

காட்டைத் திருத்தித் தினை விதைத்த மலைக்காரர்களுக்கெல்லாம் ரேஞ்சர் ஐயா, அதாவது இவர்தான், அபராதம் போட்டாயிற்று. இப்போது விஷம் வைத்துவிடுவார்களோ என்று பயம். சமைப்பது நான்தானே என்றால், "மொளகு அவங்களுதுதானே?" என்கிறார்.

ஜனவரி 9

சேலத்துத் துரை ஒரு டப்பா சாக்லேட்டு கொடுத்தனுப்பியிருக்கிறார். அடிவாரத்து முள்ளுக்குறிச்சியிலிருந்து அரிசி மூட்டையோடு மலைக்காரக் கூலியாள் செங்கோடன் சுமந்துவந்தான். இவர் நுனியைக் கடித்தார், துப்பினார். "மிட்டாய் எங்காச்சும் கசக்குமா?"

சீசருக்கு ஒரு கட்டி போட்டார். வாலை ஆட்டியது. விஷம் கொஞ்சமாகக் கலந்திருந்தால் உடனே தெரியாதாம் — மேலும் நாலு கட்டி. என்ன ஜாக்கிரதை!

நான் இரண்டை முந்தானையில் முடிந்துகொண்டுபோய் அடுப்படியில் தின்றேன். கசப்புதான், ஆனால் நன்றாயிருந்தது.

ஜனவரி 10

விடிந்ததிலிருந்து சீசருக்கு வாந்தி. உடம்பு வெடவெடவென்று நடுங்குகிறது. நெஞ்சில் கை வைத்தால் ஒரே படபடப்பு. பாவம், வாயில்லா ஜீவன்.

செங்கோடனை ஆபீஸ் தூணில் கட்டிப்போட்டாயிற்று. நாளைக்குக் கீழே போலீசில் ஒப்படைக்கப் போகிறாராம். தண்ணீர் கொண்டுபோனேன். "ஏனுங்கம்மா, மூடியக்கூட நாந் தொறக்கலீங்களே... ஊட்டுல அவ மாசமா இருக்கறா" என்றான்.

நான் தின்றதைச் சொல்ல வேண்டியதுதானே? சொன்னால் நான் திருடி. சொல்லாவிட்டால் அவன் கொலைகாரன்.

ஜனவரி 11

சொல்லிவிட்டேன். அவனை இழுத்துக்கொண்டு கிளம்பும்போது, எல்லார் முன்னாலும் ஒரு கட்டியை வாயில் போட்டு, "முந்தாநாளே ரெண்டு தின்னேன், செத்தா போயிட்டேன்?" என்றேன். பெண்டாட்டி விஷம் தின்கிறாளே என்று அவர் பதறவில்லை. "அப்பத் திருடுனது நீயா?" என்றார். சீ!

மாடுகளுக்கு நோய் என்று மலையேறி வந்திருந்த மாட்டு டாக்டர் அர்த்தனாரி சீசரைத் தொட்டுப் பார்த்தார். "சாக்லேட்டுங்களா? மனுசங்க திங்கலாம், நாய்க்கு ஆகவே ஆகாதுங்க. ஏற்காட்டுல ஒரு தோட்டத்து நாய் இதத் தின்னே செத்துச்சு. ஆருங்க இத்தனை போட்டது?"

 எல்லோரும் என் வீட்டுக்காரரைப் பார்த்தார்கள்.

கட்டை அவிழ்த்தார்கள். மன்னிப்பா? "இனிமே கசக்கறதெல்லாம் தூக்கியாராதே" என்று செங்கோடனுக்குத்தான் திட்டு.

ஜனவரி 14

சீசர் கஞ்சி குடித்தது.

ஜனவரி 20

சீசர் தேறிவிட்டது. புத்தியும் வந்துவிட்டது. இவர் சோற்றை உருட்டி நீட்டினால் கட்டிலுக்கடியில் ஓடி ஒளிகிறது.

மத்தியானம் இலையை என் பக்கம் தள்ளினார். "நீ மொதல்ல ஒரு வாய் சாப்புடு."

கல்யாணமாகி ஒன்பது வருஷம். இவருக்கு முன்னால் நான் ஒரு நாளும் சாப்பிட்டதில்லை. இப்போது சீசரின் உத்தியோகம் எனக்கு.

நெய் ஊற்றி நிதானமாகச் சாப்பிட்டேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார் — தாலி கட்டிய அன்றுகூட இப்படிப் பார்த்ததில்லை. சும்மா ஒரு தடவை இருமினேன்.

இன்று அவர் பட்டினி.