எழுந்தால் கலையும் கூட்டம்

அண்ணி,

உன் நாற்காலியை அண்ணன் இன்று பரணிலிருந்து இறக்கினான். சுற்றியிருந்த கோணியைப் பிரித்ததும் சணல் எண்ணெய் வாடை குப்பென்று வந்தது. காய்ச்சலில் நீ போன மறுவாரமே அதைக் கட்டி மேலே போட்டதும் அவன்தான். இன்று தன் துண்டாலேயே துடைத்தான். சொந்தச் செருப்பைக்கூடத் துடைக்காதவன்.

"குந்து. இனிமே நீதான் நம்ம கம்பெனி டைரக்டரு" என்றான்.

பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டதிலிருந்து என்னைத் 'தண்டம்' என்றே கூப்பிடுகிறவன். எனக்கு உடனே சந்தேகம்.

ராயபுரத்துக் கோணி மண்டியை அவன் லிமிடெட் கம்பெனி ஆக்கியபோதும் இப்படித்தான் உன்னிடம் இனிக்க இனிக்கப் பேசினான். அவனும் நீயும் டைரக்டர்கள். இருவரும் உட்கார்ந்து, இருவரும் ஒத்துக்கொண்டால்தான் எதுவும் செல்லும் என்பது விதி. "வெளியாளு எதுக்கு? வூட்லயே ஒரு கையெழுத்து கீது" என்று கணக்குப்பிள்ளையிடம் சிரித்தான். எனக்குக் கேட்டது. உனக்கும் கேட்டிருக்கும். நீ அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாய்.

கூட்டம் நம் வீட்டுக் கூடத்தில்தான். காபி டம்ளர்களை வைத்துவிட்டு, கணக்குப்பிள்ளை பென்சிலில் புள்ளி வைத்த இடத்தில் நின்றபடியே கையெழுத்துப் போடுவாய். ஒரு வரி படிக்கமாட்டாய். அண்ணன் வாங்கித் தந்த புதுப் புடவைக்கு மயங்கிவிட்டாளோ என்று உன் மேலேயே எனக்குச் சந்தேகம் இருந்தது.

பிறகு திருவொற்றியூர் கொட்டகையின் பேச்சு வந்தது. துறைமுகத்திலிருந்து வரும் கிழிந்த கோணிகளைப் பெண்கள் உட்கார்ந்து தைக்கிற கொட்டகை. பள்ளியை விட்ட நானும் அங்கேதான் ஊசி பிடித்தேன். அதை மூடி, இடத்தை ஓர் எண்ணெய் வியாபாரிக்கு வாடகைக்கு விட அண்ணன் முடிவு செய்திருந்தான்.

அன்று காபியை வைத்தவள் உள்ளே திரும்பவில்லை. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாய். காகிதத்தை எடுத்துப் படித்தாய்.

"இன்னா இது, ஆம்பளைங்க நடுவுல? எய்ந்திரு!"

"எய்ந்துக்கறேன். கூட்டம் கலஞ்சிடும், பரவால்லியா?"

அண்ணன் கணக்குப்பிள்ளையைப் பார்த்தான். அவர் டம்ளருக்குள் பார்த்துக்கொண்டே, "ஆமாங்க, அம்மா போய்ட்டா செல்லாது" என்று முனகினார்.

"அப்ப எழுதிக்குங்க. கொட்டாய மூட நான் ஒத்துக்கல."

பிறகு கிணற்றடியில் கேட்டேன்: "இதெல்லாம் எப்ப கத்துக்கின?"

"காபி ஆத்தசொல்லோ காது சும்மாதானே கீது? அவங்க கூப்ட்டா கூட்டம் இல்லடி. நான் குந்துனாதான் கூட்டம்."

கொட்டகை பிழைத்தது. இன்று மாலை கணக்குப்பிள்ளை வந்தார். முதல் காகிதம் என்னை டைரக்டராக்குவது. படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். அதன் அடியில் இன்னொன்று எட்டிப் பார்த்தது.

"அடில இன்னா கீது?"

"பழய விசயம், கண்ணு. புள்ளி வெச்ச எடத்துல போட்டுட்டு, போயி காபி எடுத்தா."

கண்ணு! பிறந்ததிலிருந்து அண்ணன் வாயில் அந்தச் சொல்லை நான் கேட்டதில்லை. உருவி எடுத்துப் படித்தேன். அதே கொட்டகை, அதே எண்ணெய் வியாபாரி. பென்சில் புள்ளியை விரலால் தேய்த்து அழித்தேன்.

"நான் ஒத்துக்கலன்னு எழுதுங்க. எழுதற வரைக்கும் இங்கியேதான் குந்திகினு இருப்பேன்."

"தண்டம்!" என்றான் அண்ணன். அப்பாடா, இப்போதுதான் அவனை நம்ப முடிந்தது.

கணக்குப்பிள்ளை இன்னும் எழுதவில்லை; வேறு வழியில்லாமல் தானே காபி போடப் போயிருக்கிறார். அடுப்பங்கரையில் டம்ளர் உருளும் சத்தம். நான் எப்போது எழுந்திருப்பேன் என்று அண்ணன் வாசலில் நின்று பார்க்கிறான்.

அந்தக் காகிதத்தின் பின்பக்கத்தில்தான் உனக்கு இதை எழுதுகிறேன். உன் நாற்காலி உயரம், அண்ணி. என் கால் தரையைத் தொடவில்லை. உனக்கும் தொட்டிருக்காது. நீ அன்று பாதத்தை ஆட்டாமல் வைத்திருந்தாய். நானும் அப்படியே வைத்திருக்கிறேன்.