சன்னல் பக்க வரிசை

அன்புள்ள என் வாயாடிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம், அப்பாவின் முட்டிவலி மட்டும் கடைக்குப் போகச் சொன்னால் வருகிறது. நீயும் நன்றாக இருக்கிறாய் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். நேற்று போனில், ‘ஒரு சீனியர் டீச்சர் எல்லார் முன்னாடியும் திட்டிட்டாங்கம்மா, தலைமையாசிரியர் பயிற்சியே வேணாம், விட்டுட்டு வந்துடறேன்’ என்று நீ அழுதபோது உன்னைத் திட்டியவளை நான் ஒரு வார்த்தை வையவில்லை. காரணம் இருக்கிறது. இங்கே அப்படித் திட்டிய சீனியர் டீச்சர் நான்தான்.

உன்னைப் போலவே பயிற்சிக்கு ஒரு பெண் எங்கள் பள்ளிக்கு வந்திருக்கிறாள், உன் வயதுதான் இருக்கும். என் அறிவியல் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, ஸ்டாஃப் ரூமுக்கு வந்து, ‘ஒண்ணு சொல்லலாமா டீச்சர்’ என்றாள். எனக்குச் சுருக்கென்று வந்துவிட்டது, ‘நான் சாக்பீஸ் பிடிச்சப்ப நீ பொறக்கவே இல்ல, எனக்கே சொல்லித் தர்றியா’ என்று எல்லோர் முன்னாலும் கத்திவிட்டேன். கண் கலங்கிப் போய்விட்டாள். ஆனால் மறுவாரம் மறுபடி வந்து நின்றாள், என்ன தைரியம் பார்! இந்த முறை அபிப்பிராயம் எதுவும் சொல்லவில்லை, ஒரு தாளை நீட்டினாள். பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறபடியே கட்டம் போட்டு, நான் யாரைக் கேள்வி கேட்டேனோ அவர் கட்டத்தில் ஒரு கோடு இழுத்திருந்தாள். சன்னல் பக்க வரிசையில் ஒன்பது பேர், ஒரு கோடுகூட இல்லை. ஏன் இப்படி என்று அவளையே கேட்டேன், ‘அது உங்களுக்குத்தான் தெரியும் டீச்சர், நாளைக்கு என்ன பண்ணலாம்னு நினைக்கிறீங்க’ என்றாள். அப்பாவிடம் காட்டினால், ‘வீட்லயும் நான் சன்னல் பக்கம்தான் உக்காந்திருக்கேன் போல’ என்கிறார். மறுநாள் அந்த வரிசையில் ஒரு மாணவியைக் கேட்டேன், ஈரத்துணி காற்று பட்டால் ஏன் சில்லென்று ஆகிறது என்று. வருஷம் முழுக்க வாய் திறக்காதவள் எழுந்து, ‘தண்ணி போறப்ப சூட்டையும் கூடவே எடுத்துட்டுப் போயிடுது டீச்சர்’ என்றாளே பார்க்கலாம், புத்தகத்தில்கூட இவ்வளவு தெளிவு கிடையாது. முப்பத்திரண்டு வருஷத்தில் எத்தனை பிள்ளைகளை இப்படிக் கேட்காமலே விட்டேனோ! பயிற்சிக்கு வந்தவள்மேல் அவ்வளவு மரியாதை வந்துவிட்டது, நானே போய் மன்னிப்புக் கேட்டு, அடுத்த வகுப்புக்கும் வரச் சொன்னேன்.

கண்ணாடி பவரைச் சோதிக்கச் சொன்னேனே, மறந்துவிடாதே. நான் கத்திய அன்று அந்தப் பெண்ணும் அவள் அம்மாவிடம் போனில், விட்டுவிட்டு வருகிறேன் என்று அழுதாளாம், அவளே சொன்னாள். அந்த அம்மா, ‘வராதே, மறுபடி போய் நில்லு’ என்றாளாம். அவள் எந்த ஊர் மகராசியோ, நூறு வருஷம் நன்றாக இருக்கட்டும். நீயும் நன்றாக இருப்பாய் கண்ணு. வராதே.

ஆசிகளுடன்,
உன் அம்மா